அப்பத்தாவின் உரை மருந்தும் மாஷிமாவின் உப்புத் தண்ணீரும்



சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மதுரையிலிருந்து என் இளைய மகள் பேசினாள். "அப்பா, பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுது. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அப்பத்தா ஏதோ உரசிக் குடுத்து நின்னுச்சுன்னு சொல்வீங்களே, அது என்ன மருந்து? எப்படி உரசணும்?"

நான் பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தேன். காரணம், "அப்பத்தா கொடுத்த மருந்தால் நின்றது" என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் சொல்லிவந்த கதை பாதிதான் உண்மை. அந்தக் கதையை வீட்டில் மட்டும் நான் சொல்லவில்லை. நம் சங்கப் பொங்கல் விழா மேடையில், "தமிழனின் வைத்தியத்துக்கு ஈடு உண்டா?" என்று கேட்டு, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். மறு பாதியை இன்று இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுவதுதான் முறை என்று படுகிறது. பேரப்பிள்ளையின் உயிர் விஷயத்தில் பெருமைக்கு இடம் கிடையாது.

அன்று நடந்தது

நான் 1984-இல் பரமக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்காக அந்தமான் வந்தவன். ஹேவ்லாக் தீவுக்கு வந்து விஜய்நகரில், அதாவது நம் ஆட்கள் சொல்லும் ஐந்தாம் நம்பரில், ஒரு வங்காளிக் குடும்பத்தின் தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்தோம். 2018 டிசம்பரில் அரசு இத்தீவுக்கு ஸ்வராஜ் தீப் என்று பெயர் மாற்றியது. ஆனாலும் எங்கள் வாயில் இன்றும் ஹேவ்லாக்தான்.

1992-ஆம் ஆண்டு ஆடி மாதம். மகளுக்கு ஒன்றேகால் வயது. மழைத் தண்ணீர் கிணற்றில் இறங்கிக் கலங்கியிருந்த சமயம். ஒரு நாள் விடியற்காலையில் பேதி ஆரம்பித்தது. ஊரிலிருந்து வந்து எங்களுடன் இருந்த என் ஆத்தா பதறவில்லை. ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவர். அஞ்சறைப் பெட்டியிலிருந்து சுட்ட வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், காய்ந்த மாதுளை ஓடு எல்லாம் எடுத்து, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து நாக்கில் தடவினார். அதோடு ஒரு கட்டளையும் போட்டார்: "பச்சத் தண்ணி கூடக் குடுக்காதீக. குடிக்கக் குடிக்கத்தான் போகும்."

அந்தக் கட்டளையை நாங்கள் அப்படியே கேட்டோம். பிள்ளை தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கை நீட்டினாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் மாலையில் பேதி குறைந்தது. ஆத்தாவின் முகத்தில் ஒரு திருப்தி. ஆனால் பிள்ளை அழுதால் கண்ணில் நீர் வரவில்லை. கண் குழி விழுந்துவிட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. காலையிலிருந்து சிறுநீர் இல்லை. பேதி குறைந்தது மருந்தால்தானா, அல்லது போவதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லாததாலா என்று இன்று என்னால் கேட்க முடிகிறது. அன்று கேட்கத் தெரியவில்லை.

கடல் கொந்தளித்ததால் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஓடவில்லை. இருட்டு, மழை. அழுகைச் சத்தம் கேட்டு அந்த வங்காளி வீட்டு அம்மாள் குடையுடன் வந்தார். மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து 1950-களில் இத்தீவில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். என் மனைவியை வங்காளத்திலேயே இரண்டு வார்த்தை திட்டினார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, முதலில் தாம் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கண்ணீரை விட உப்பாக இருக்கக் கூடாதாம். பிறகு ஒரு தேக்கரண்டியால் பிள்ளையின் கடைவாயில் விட்டார். ஒரு கரண்டி, சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடியும். விடிய விடிய அதுதான் வேலை. நடுவில் தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார். என் ஆத்தா ஒரு மூலையில் உட்கார்ந்து, "கொல்லப் போறாக" என்று முனகிக்கொண்டிருந்தார்.

விடியும் நேரத்தில் என் மடி நனைந்தது. சிறுநீர். வாழ்நாளில் அத்தனை மகிழ்ச்சி எனக்கு வேறு எந்த ஈரத்திலும் வந்ததில்லை.

மறுநாளும் பேதி போகத்தான் செய்தது. மூன்றாம் நாள்தான் கட்டிற்று. அதற்குள் ஆத்தா மறுபடியும் ஒரு முறை உரசிக் கொடுத்திருந்தார். அதனால் "அப்பத்தா மருந்தில் நின்றது" என்று கதை நிலைத்துவிட்டது. மாஷிமாவும் மறுத்துப் பேசவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் ஆத்தாவும் இல்லை. இருவர் மீதும் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் யார் செய்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

உப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மாஷிமாவுக்கு அந்த வித்தை எப்படித் தெரியும் என்று பின்னொரு நாள் கேட்டேன். அவருடைய தம்பி குடும்பம் 1971-இல் அகதிகளாக எல்லை தாண்டி, மேற்கு வங்காளத்தில் பன்காவ் முகாமில் இருந்ததாம். அங்கே கற்றது கடிதத்தில் வந்ததாம்.

அந்த முகாம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற முகாம் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. 1971-இல் அங்கே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் புட்டிகள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கலந்து, பீப்பாய்களில் குழாய் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், இது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் விருது அவர் மறைவுக்குப் பிறகு அறிவிக்கப்பட்டது.

அதன் தத்துவம் எளிது. பேதியில் குடல் தண்ணீரையும் உப்பையும் வெளியே விட்டுக்கொண்டிருந்தாலும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் மூடுவதில்லை. உப்பு மட்டும் போதாது, சர்க்கரை மட்டும் போதாது. இரண்டும் ஜோடியாக நுழையும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். பங்களாதேஷில் 1980-களில் பிராக் என்ற அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலில் கிள்ளிய உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை லிட்டர் தண்ணீரில் கலக்கும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவும் பாட்டி வைத்தியம் போலத்தான் வாய்வழியாகப் பரவியது.

இங்கேதான் நாம் ஏமாறும் இடம் இருக்கிறது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பேதியை உடனே நிறுத்தாது. உயிரைத்தான் நிறுத்தி வைக்கும். துவர்ப்பு மருந்து பேதியைக் கொஞ்சம் கட்டும். ஆனால் போன தண்ணீரைத் திருப்பித் தராது. கண்ணுக்குத் தெரிவது கட்டியதுதான். ஆகவே பெயர் துவர்ப்பு மருந்துக்குப் போய்விடுகிறது. என் வீட்டுக் கதையும் அப்படித்தான் திரிந்தது.

அப்படியானால் மூலிகைகள் வீணா?

இல்லவே இல்லை. மூலிகையை இகழ்ந்து பேசுவோரிடமும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாதுளை ஓடு, கொய்யாக் கொழுந்து, மாங்கொட்டைப் பருப்பு, மாசிக்காய் இவையெல்லாம் துவர்ப்புச் சத்து நிறைந்தவை. மாசிக்காய் என்பது காயே அல்ல. ஒருவகைக் குளவி முட்டையிட்ட இடத்தில் ஓக் மரம் உண்டாக்கும் கரணை. அதில் பாதிக்கு மேல் துவர்ப்புச் சத்துதான். பெரியவர்களின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஒரு வாய் கொய்யாக் கொழுந்துக் கஷாயம் குடிப்பதில் தவறில்லை.

வில்வம் நம்மவர்க்கும் வங்காளிகளுக்கும் பொது. பிஞ்சும் முற்றாத காயும் கட்டும். பழுத்தால் மலத்தை இளக்கும். ஒரே மரம்தான், பருவம் தப்பினால் பலன் தலைகீழ். இது தெரிந்து சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். இன்று யார் இருக்கிறார்கள்?

குடசப்பாலைப் பட்டை சீதபேதிக்குப் பேர்போனது. ஆயுர்வேதத்தில் குடஜாரிஷ்டம் என்று விற்பது அதிலிருந்துதான். அதிலுள்ள கோனெசின் என்ற பொருள் அமீபாவை எதிர்க்கும் என்று விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குச் சொந்தக்காரன் போலத் தோற்றமளிக்கும் வெட்பாலை வேறு மரம். தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதுதான். பல ஊர்களில் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். பட்டையாகக் காய்ந்து பொட்டலமாகிச் சென்னைக் கப்பலில் நம் கைக்கு வரும்போது எது எது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மரமஞ்சளில் உள்ள பெர்பரின் என்ற பொருளை டாக்காவில் காலரா ஆராய்ச்சி நிலையத்தினர் சோதித்து, ஒருவகைக் கிருமியால் வரும் பேதியில் மலத்தின் அளவு குறைவதாக 1987-இல் வெளியிட்டார்கள். தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் பேதிக்குக் குடித்த ஒரு மரப்பாலிலிருந்து செய்த குரோஃபெலமர் என்ற மருந்துக்கு 2012-இல் அமெரிக்க அரசே அனுமதி தந்தது, எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்காக. ஆகவே பழைய அறிவில் பொருள் இருக்கிறது. அதைத் தேடிச் சோதித்து, அளவு கண்டு, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாது என்று எழுதிவைத்தால்தான் அது மருந்து.

அடுத்து மாஷிமாவின் தோட்டத்துக்கு வருவோம். அங்கே பாக்கு மரங்களின் அடியில் ஈரத்தில் வல்லாரை படர்ந்து கிடக்கும். நாம் அதைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கிறோம், ஞாபகம் வளரும் என்று. தெலுங்கர்கள் சரஸ்வதி இலை என்கிறார்கள். வங்காளிகளோ தான்குனி என்று சொல்லி வயிறு கெட்டவனுக்கு ரசம் வைத்துக் கொடுக்கிறார்கள். இலை ஒன்று, நம்பிக்கை மூன்று. தீவில் வாழ்வதால் நமக்குக் கிடைத்த பாடம் இது: நம் பாட்டி மட்டும்தான் பாட்டி என்று நினைக்கக் கூடாது.

மாஷிமா நான்காம் நாள் கொடுத்தது வேகவைத்து மசித்த வாழைக்காய், குழைந்த சோற்றுடன். இதை டாக்காவில் நாட்பட்ட பேதியுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் உண்டு என்று 2001-இல் எழுதினார்கள். நம் ஆத்தாமார் வைக்கும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் அப்படியே. அரிசி மாவை வைத்துத் தயாரித்த உப்புக் கரைசல் காலராவில் மலத்தின் அளவைக் குறைக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. என்னுடைய வருத்தம் இதுதான்: நம் பாட்டிமார் வைத்தியத்தில் மிகச் சிறந்தது அந்த உப்புக் கஞ்சி. அதை நாம் வைத்தியம் என்றே எண்ணவில்லை. உரைகல்லைப் பத்திரப்படுத்தினோம், கஞ்சிச் சட்டியை விட்டுவிட்டோம்.

விட வேண்டியவை

சிலவற்றை மனம் வருந்தினாலும் விட்டுத்தான் ஆக வேண்டும். முதலாவது, தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்துவது. இரண்டாவது, வசம்பு. பேர் சொல்லக் கூடாது என்று 'பிள்ளை வளர்ப்பான்' என்றழைத்த பொருளைக் குறை சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். கைக்குழந்தை நாக்கில் தடவும் அளவுக்கு அது அவசியமா என்று யோசியுங்கள். மூன்றாவது, கழுவாத உரைகல். நோயை விரட்டும் கல்லே கிருமியைக் கொண்டுவரலாம்.

இங்கிலீஷ் வைத்தியத்திலும் இதே தவறு உண்டு. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பாகிஸ்தானில் கைக்குழந்தைகள் இறந்ததையடுத்து லோபரமைடு சொட்டு மருந்தை 1990-இல் திரும்பப் பெற்றார்கள். கட்டுவது மட்டுமே வைத்தியம் என்று நினைத்தால் எந்த மருந்தும் ஆபத்துதான். இன்னொன்று: கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. உண்மையான கரைசல் அல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள்.

தீவில் மலிவாகக் கிடைக்கும் இளநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லதுதான், குடிக்கட்டும். ஆனால் அதில் பேதியில் போகும் உப்பு மிகக் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது.

செய்ய வேண்டியது

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. அளவு மிஞ்சினால் கெடுதல். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். ஒவ்வொரு முறை பேதி போன பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை, நிதானமாகக் கொடுக்க வேண்டும். கலந்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் தொடரட்டும். துத்தநாக மாத்திரை பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-இல் சேர்த்துச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், குடிக்க மறுப்பது, சிறுநீர் நின்றுபோவது, குழி விழுந்த கண், துவண்டு மயங்கிக் கிடப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது - இதில் ஒன்று தென்பட்டாலும் உரைகல்லைத் தேடாதீர்கள். கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நம் தீவுகளில் ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பல மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போவதைப் போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. 2002-இல் நிகோபாரில் நான்கவுரித் தீவுக் கூட்டத்தில் காலராவே வந்தது. கடல் நடுவே இருப்பதால் நோய் வராது என்பது இல்லை. உதவிதான் தாமதமாக வரும்.

எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர். 2004-இல் டைம் பத்திரிகை ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய பிறகு இத்தீவில் விடுதிகள் பெருகின. என் கடையே அந்தப் பயணிகளை நம்பித்தான் ஓடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் நாம் தோண்டும் கிணறும் நாம் கட்டும் கழிவுத்தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், எந்த மூலிகையும் எந்தப் பொட்டலமும் நம்மை முழுதாகக் காப்பாற்றாது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

2011 கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மூலிகை அறிவு நம் முதிய தாய்மார்களோடு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. சங்கத்தின் மகளிர் அணி ஒரு சிறு நூல் தயாரிக்கலாம். செடியின் படம், தமிழ்ப் பெயர், வங்காளிப் பெயர், தெலுங்குப் பெயர், தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, எந்தப் பருவம் என்று. ஒரு மருத்துவரையும் ஒரு தாவரவியலாளரையும் சேர்த்துக்கொண்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதட்டும். முதல் பக்கத்தில் மட்டும் எந்தச் செடியும் வேண்டாம். உப்பு, சர்க்கரை, தண்ணீர் அளவு இருக்கட்டும்.

உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பேதியால் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் காப்பாற்றப்படக் கூடியவர்கள். அவர்களில் ஒருத்தியாக என் மகள் ஆகியிருப்பாள். அந்த மகள்தான் அன்று இரவு தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா மருந்தைப் பெறகு சொல்றேன்த்தா," என்றேன். "மொதல்ல அடுப்பில தண்ணியக் கொதிக்க வை. சக்கரை எங்க இருக்கு, உப்பு எங்க இருக்குன்னு பாரு." பிறகு, அவளுக்கு முப்பத்து நான்கு வயதாகும் வரை நான் சொல்லாத மாஷிமாவின் கதையைச் சொன்னேன். பாப்பா மூன்று நாளில் தேறிவிட்டாள்.

இனி மேடையில் யாராவது என்னைக் கேட்டால் இந்தக் கதையை இப்படித்தான் சொல்வேன். கைதட்டல் குறைந்தாலும் பரவாயில்லை.